கடை பார்க்கிங்கில் சார்ஜ் போட இடம் பிடித்த கதை

பார்க்கிங்கில் சார்ஜர் இருக்கிறது என்பதற்காக உங்கள் டெலிவரி வண்டிக்கு அங்கே சார்ஜ் ஏறிவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

எங்கள் குடோன் வடசென்னையில், மாதவரத்தில். டெலிவரியோ தெற்குக் கோடியில் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம். மின்சார குட்டி யானையும் சரக்கு ஆட்டோவுமாக ஓடுகின்றன. மதியம் சார்ஜ் போட மாதவரம் வரை காலி வண்டியைத் திருப்பினால் அன்றைய லாபம் ரோட்டிலேயே போய்விடும். அதனால்தான் எங்களைப் போன்ற வேறு சில டெலிவரிக்காரர்களோடு சேர்ந்து, தென்சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சார்ஜர்களைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டோம். கையெழுத்து, டெபாசிட் எல்லாம் சட்டென்று முடிந்தது.

முதல் நாளே கேட்டில் மறித்தார்கள். "அண்ணே, கமர்ஷியல் வண்டி உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்." செக்யூரிட்டியைக் குறை சொல்ல மாட்டேன். மின்சார வண்டியின் பச்சை நம்பர் போர்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி, வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி. மனிதர் சரியாகத்தான் பார்த்தார். தலைமை அலுவலகம் கையெழுத்துப் போட்ட விஷயத்தைக் கேட் வரைக்கும் யாரும் சொல்லவில்லை. மேனேஜரிடம் பேசிச் சரிசெய்தால் அடுத்த ஷிஃப்ட்டில் வேறு ஆள், அதே பதில். கடைசியில் வண்டி நம்பர்களோடு கடை லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி, சீல் போட்டு, லேமினேட் செய்து ஒவ்வொரு வண்டியிலும் வைத்தோம். இதை ஒப்பந்தம் போடும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

உள்ளே போனால் சார்ஜர் பேஸ்மென்ட்டில். நுழைவாயிலில் உயரம் 2.1 மீட்டர் என்று போர்டு, அதாவது ஏழு அடிகூட இல்லை. பெட்டி கட்டிய குட்டி யானை எட்டு அடிக்கு மேல்! கார்களை மனதில் வைத்துக் கட்டிய இடம். தரைத்தளத்தில், லோடு இறக்கும் பக்கம் ஒரு சார்ஜர் வேண்டும் என்று மல்லுக்கட்டி வாங்குவதற்குள் பாதி தாடி நரைத்துவிட்டது.

ஆட்டோக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 'எல்லா வண்டிக்கும்' என்று ஆப்பில் போட்டிருந்தது, இருந்ததோ கார்களுக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றும் சி.சி.எஸ்.2 கன் மட்டும். எங்கள் சரக்கு ஆட்டோவுக்கு வேண்டியது சாதாரண 15 ஆம்பியர் பிளக். பேட்டரியே 7.37 யூனிட்தான், நாலு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். தனி சப்-மீட்டரோடு சுவரில் சாக்கெட் அடித்துத் தரச் சொல்லி வாங்கினோம். மொத்த அலைச்சலில் எனக்கு முழுத் திருப்தி தந்தது அந்த சாக்கெட்டுகள்தான்.

பில் கதை தனி. ஆப்பில் டிரைவரின் மொபைல் நம்பருக்கு ஓ.டி.பி., டிரைவரின் பெயருக்கே ரசீது. சார்ஜிங் சேவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நம் ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாத ரசீதை ஆடிட்டர் எடுத்துக்கொள்ள மாட்டார், கட்டிய ஜி.எஸ்.டி.யை நம் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் போச்சு. கஸ்டமர் கேர் மாற்றி மாற்றி டிக்கெட் நம்பர் கொடுத்ததே மிச்சம். நிறுவனக் கணக்கு, அதன் கீழ் வண்டிக்கு ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு (சார்ஜரில் காட்டினால் போதும், ஓ.டி.பி. வேண்டாம்), மாதம் ஒரே இன்வாய்ஸ் என்று கேளுங்கள். அந்த வசதி அவர்களிடம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது, கேட்காதவருக்குச் சொல்வதில்லை.

டிரைவர்களுக்கும் சொல்லி வையுங்கள்: 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது மந்தமாகிவிடும், அத்தோடு கழற்றிவிட்டுக் கிளம்பட்டும். நிறைந்த பிறகும் வண்டி நின்றால் நிமிடக் கணக்கில் தண்டம். சாப்பிடப் போன இடத்தில் அரட்டை நீண்டால் சாப்பாட்டுச் செலவை விட அந்தத் தண்டம் அதிகமாகிவிடும்.

நேரத்தை வைத்துத்தான் கடைசியில் ரேட்டைக் குறைத்தேன். மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதலில், சார்ஜிங் நிலையங்களுக்கான மின்கட்டணம் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் (ஒரு யூனிட் மின்சாரம் வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்று இருக்கிறது. கடையில் கூட்டம் சேர்வதோ சாயங்காலம். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை பார்க்கிங் காற்று வாங்குகிறது. அந்த நேரத்தை மட்டும் எங்களுக்கு ஒதுக்கி ரேட்டைக் குறையுங்கள் என்றதும் மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. மற்ற டெலிவரிக்காரர்களும் நானும் வாட்ஸ்அப் குரூப்பில் அரை மணி நேர முறை வைத்துப் பிரித்துக்கொண்டோம்.

ஆடித் தள்ளுபடி வாரத்தில் மதியமும் கஸ்டமர் வண்டிக்கு இடம் வேண்டும் என்று மேனேஜர் இப்போது மெல்லப் பேச்செடுக்கிறார். மதிய நேரம் எங்களுக்கு என்று எழுதியிருக்கும் ஒப்பந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை.