நர்சிங் சீட்டுக்கு இன்டர்வியூ: நான் தயாரான விதம்

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர இன்டர்வியூ எல்லாம் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, அப்புறம் கலந்தாய்வு, அவ்வளவுதான். என் மதிப்பெண்ணுக்குச் சென்னையில் இடம் கிடைப்பது சந்தேகம் என்பதால் ஒரு தனியார் கல்லூரியிலும் விண்ணப்பம் போட்டு வைத்தேன். அங்கே ஆளைப் பார்த்துப் பேசித்தான் எடுப்பார்கள்.

எங்கள் வியாசர்பாடித் தெருவில் ஒரு அக்கா ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்ததும், சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். முதல் நாள் கேட்டது, "எதுக்கும்மா நர்சிங்?"

"மக்களுக்குச் சேவை செய்யணும்க்கா."

"டீச்சருங்க செய்யறது சேவை இல்லியா? நீ பி.எட். படியேன்."

யூடியூப் பார்த்து நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு எதிர்க்கேள்வியோடு சரி. நர்சிங்குக்கு முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்தது 1820 மே 12 என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள், கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால்தான் சிப்பாய்கள் அதிகம் செத்தார்கள் என்று அந்த அம்மா கணக்குப் போட்டு, படம் வரைந்து காட்டியதைப் போய்ப் படி என்றார் அக்கா. படித்தேன். இன்டர்வியூவில் யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

உருப்படியாக உதவியது எங்கள் ஆயாவின் கால் புண்தான். ஆயாவுக்குச் சர்க்கரை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு டிரஸ்ஸிங்குக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தது நான். அங்கே நர்ஸ் என்னென்ன செய்தார், என்ன சொன்னார் என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏன், ஏன் என்று குடைந்தார். இன்சுலின் போடும் முன் "சாப்பாடு ரெடியா ஆயா?" என்று ஏன் கேட்டார்? போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வந்துவிடும். வெறுங்காலில் நடக்காதே என்றது? நரம்பு பாதித்திருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும், முள் குத்தினாலும் தெரியாது. அதனால்தான் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னது. இத்தனை நாள் கண்ணெதிரே நடந்ததற்கு இப்படிக் காரணங்கள் இருந்தது அப்போதுதான் விளங்கியது. எதற்கு நர்சிங் என்பதற்கும் பதில் கிடைத்தது.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, போனில் பதிவு செய்து கேட்டுப் பழகினேன். என் குரலை நானே கேட்பது கொடுமை. ஆனாலும் எங்கே திக்குகிறேன் என்று அதில்தான் பிடிபட்டது.

அன்றைக்குச் சாதாரணப் பருத்திச் சுடிதார், இறுக்கிப் பின்னிய சடை, ஒட்ட வெட்டிய நகம். நெயில் பாலிஷ் வேண்டாம் என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தார். உள்ளே ஒரு மேடம் என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

ஆயா கதையைச் சொன்னதும் அவரே குறுக்கே புகுந்து, "வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கா? இன்சுலின எங்க வெச்சீங்க?" என்று தமிழுக்கு மாறிவிட்டார். ஃபிரிட்ஜ் இல்லை மேடம், டப்பாவில் போட்டு, நனையாதபடி மண்பானைத் தண்ணீருக்குள் வைத்தோம், நர்ஸ் சொல்லிக் கொடுத்தார் என்றேன். ஃபிரிட்ஜ் இருந்தால் ஃபிரீசரில் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி. கூடாது, உறைந்துபோன இன்சுலின் உதவாது. பாதி நேரம் இதிலேயே போனது.

ஆண் நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடச் சொன்னால் செய்வாயா என்றும் கேட்டார்கள். செய்வேன், திரை போட்டு, அவரிடம் சொல்லிவிட்டு, துடைக்கும் இடத்தை மட்டும் திறந்து செய்வேன் என்றேன். இதுவும் அக்கா உபயம். நைட் டியூட்டிக்கு வீட்டில் விடுவார்களா என்பதற்கு மட்டும் கொஞ்சம் தடுமாறினேன். அப்பா அரை மனதாகத்தான் இருந்தார், அப்படியே சொல்லிவிட்டேன்.

சீட் கிடைத்தது. போகிறவர்களுக்கு ஒன்று: சேரும்போது மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது என்று இழுக்கும், இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.