ஒரு சொட்டும் இல்லை (இப்போதைக்கு)

நேற்று இரவு மழைத்தண்ணீர்த் தொட்டியின் குழாய்க்குக் கீழே விரித்து வைத்த தமிழ் முரசு நாளிதழ், காலையில் காய்ந்தே கிடந்தது. ஒழுக்கை அடைக்க இது மூன்றாவது முயற்சி. அந்தத் தாளை மடித்துப் பத்திரப்படுத்தலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

கொள்ளளவுக் கணக்கு எளிதாகவே முடிந்தது. பின்கட்டுக் கூரை 18 சதுர மீட்டர். சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வீசும் சுமத்ரா காற்றோடு வரும் விடியற்கால மழை 20 மில்லிமீட்டர் கொட்டினால் 360 லிட்டர். சிந்தியது தெறித்தது போக 300 தேறும். கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகை எல்லாம் சேர்ந்து நாளுக்கு 20 லிட்டர்தான் குடிக்கின்றன. ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் மழை பெய்கிற சிங்கப்பூரில் 300 லிட்டர் போதும் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு அங்கிள் விடவில்லை. “ஆயிரம் லிட்டர் வாங்கு தம்பி, 2014 மறந்துபோச்சா?” என்றார். மறக்கவில்லை. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை 27 நாள் வறட்சி. அதைத் தாண்ட 540 லிட்டர் வேண்டும். அப்படி மறுபடி வந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறேன். நிறைந்த ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் எடை. அதைப் பின்கட்டில் நிறுத்திவிட்டுத் துணியை எங்கே உலர்த்துவது?

கறுப்புத் தொட்டிதான் எடுத்தேன், வெளிச்சம் புகாது, பாசி பிடிக்காது. ஆனால் உருளை வடிவம். சுவரோடு ஒட்டி நிற்கும் சப்பைத் தொட்டி 60 வெள்ளி (டாலர்) கூடுதல் என்று விட்டுவிட்டேன். அந்த 60 வெள்ளி அப்புறம் வாஷருக்கும் பசைக்குமே போனது.

விஷயம் இதுதான். முக்கால் அங்குலக் குழாய் என்றால் நான் 19 மில்லிமீட்டரில் ஓட்டை போட்டேன். முக்கால் என்பது உள்ளளவு. மரையின் வெளிவிட்டம் 26 மில்லிமீட்டருக்கு மேல். இத்தனை வருடம் கையில் ஸ்பானர் பிடித்தவன் செய்கிற தப்பா இது! இருந்த ஓட்டையைப் பெரிதாக்க வட்டமாக அறுக்கும் 28 மில்லிமீட்டர் ஹோல் சாவை வைத்தால், நடு ஊசிக்குப் பிடிமானம் இல்லாமல் அது தொட்டி மேல் நாட்டியம் ஆடியது. கடைசியில் பழைய துடைப்பக் கட்டையில் ஒரு துண்டு வெட்டி ஓட்டையில் இறுக அடித்து, அதன் நடுவில் ஊசியை ஊன்றி அறுத்தேன். விளிம்பு வெண்ணெய் மாதிரி வந்தது.

ஆனாலும் ஒழுகியது. குழாய்க்கூடவே வந்த வாஷர் தட்டையானது, தொட்டிச் சுவரோ வளைந்தது. மேலும் கீழும் ஒட்டினால் இருபக்கமும் இடைவெளி. சிலிக்கான் அப்பினேன். பாலித்தீனில் அது பிடிக்காது; மறுநாள் பாலாடை மாதிரி உரிந்து வந்தது. டெஃப்லான் டேப் மரைக்கு மட்டும்தான், சுவர் ஒழுக்குக்கு அது உதவாது. “இது எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும்” என்று சத்தியம் செய்து விற்ற கடைக்காரரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

ஜாலான் புசார் பக்கம் வேறொரு கடையில் 5 மில்லிமீட்டர் மெத்து ரப்பர் தாள் கிடைத்தது. அதில் வாஷர் வெட்டித் தண்ணீர் இருக்கும் உள்பக்கம் போட்டேன். தொட்டியைப் படுக்க வைத்து, மகன் உள்ளே கைவிட்டுப் பிடித்துக்கொள்ள, நான் வெளியே நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் அரைச் சுற்று மட்டும் கொடுத்தேன். முதல் தடவை முழுபலத்தில் இறுக்கியதில் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிட்டது.

கொசுவலைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கண் உள்ள துருப்பிடிக்காத வலை. ஏடிஸ் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். கொசு உற்பத்தியைச் சோதிக்க வரும் சுற்றுப்புற வாரிய அதிகாரி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை.

கழிவறைக்கும் இழுக்கலாமே என்றாள் மனைவி. குடிநீர்க் குழாயோடு மழைத்தண்ணீர் கலக்கவே கூடாது, அந்த இணைப்பெல்லாம் உரிமம் பெற்ற குழாய்க்காரர் வேலை. முதலில் கூரைத் தூசியோடு வரும் முதல் தண்ணீரை ஒதுக்க ஒரு செங்குத்துக் குழாய் வைக்க வேண்டும். பிவிசி என்னிடமே மிச்சம் இருக்கிறது.

நிரம்பி வழிவதை வடிகாலுக்குக் கொண்டுபோக மேலே இன்னோர் ஓட்டையும் போட வேண்டும். அதுவும் அதே வளைந்த சுவரில்தான். துடைப்பக் கட்டையை எறியாமல் வைத்திருக்கிறேன்.