உண்ணிச்செடி யானைகள்

2024 பிப்ரவரியில் பெங்களூரு லால்பாக் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே நிஜ அளவில் யானைச் சிலைகள் வைத்திருந்தார்கள். மரங்களுக்கு நடுவே அந்த யானை முதுகுகள் தெரிந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. நீலகிரிக் கூடலூரில் வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம், யானை என்றால் முதலில் நிற்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த அடி. இங்கே சின்னப் பிள்ளைகள் அதன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்!

அத்தனையும் எங்கள் பக்கத்துப் பழங்குடிகள் கையால் செய்தவை. பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர். உண்ணிச்செடிக் குச்சியை வேகவைத்து, பட்டையை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து ஆணி அடிக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் பூ அழகாக இருக்கிறதே என்று கொண்டுவந்து தோட்டத்தில் வைத்த செடி அது. இன்றைக்கு முதுமலைக் காட்டுக்குள் புதராக அடைத்துக்கொண்டு புல்லைத் தலைதூக்க விடுவதில்லை, யானைக்கு அதைத் தின்னவும் முடியாது. யானையின் மேய்ச்சலைப் பறித்த செடியை வெட்டியெடுத்தே யானை செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். விலாவில் நீளக் குச்சிகள் வயிற்றின் வளைவோடு ஓடுகின்றன, காது மடல் ஓரத்தில் மெல்லிய குச்சிகள், ஒரு குட்டியின் முழங்காலுக்குப் பின்னால் தோல் தொங்கும் மடிப்பைக்கூட விடவில்லை. படத்தைப் பார்த்து மட்டும் செய்தால் இது வராது. ஒவ்வொன்றும் எங்கள் மலையில் நடமாடும் ஒரு நிஜ யானையை மனதில் வைத்துச் செய்தது.

2021-ல் லண்டன் கிரீன் பார்க்கிலும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலும் இவை நின்றன, 2024-ல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. ரொம்பப் பெருமை. ஆனால் எந்த ஊர்ப் பூங்காவில் வைத்தாலும், இது எந்த யானை, யார் யார் செய்தது என்று பக்கத்திலேயே ஒரு பலகையில் பேரோடு எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கோயில் தூணில் செதுக்கியவன் பேர் தெரியாமலே போய்விட்டது, இதிலும் அப்படி ஆகக் கூடாது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் போட்டோக்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நம்ம பலா மரத்துக்கு வருமே, அதேதான். ஒரு முன்னங்காலைத் தளர்த்திக்கிட்டு நிக்குது பாரு" என்றார்.