அழித்தால் திரும்பி வர வேண்டும்: வீட்டு லேபில் ஆறு வாரம்

மேசைக்கு அடியில் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. நான்கு கோர், 32 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ. அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு ஒரு வருடமாக ஒன்பது விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லாமே கையால் கட்டியவை. எதில் என்ன நிறுவினேன், எந்தக் கோப்பைத் திருத்தினேன் என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டுமே இருந்தது. நாளடைவில் எந்த விஎம்மையும் தொடவே பயமாகிவிட்டது. அப்டேட் வந்தால்கூட 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று விட்டுவிடுவேன்.

அதனால் ஒரே ஒரு இலக்கு வைத்துக்கொண்டேன். எந்த விஎம்மையும் யோசிக்காமல் அழிக்க முடிய வேண்டும். ஒரு கட்டளை கொடுத்தால் அது பழையபடி எழுந்து நிற்க வேண்டும்.

முதல் வாரம் டெம்ப்ளேட்டிலேயே, அதாவது மற்ற விஎம்களை நகலெடுக்க உதவும் அச்சிலேயே, போனது. ஐஎஸ்ஓ போட்டு ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி நிறுவுவதை விட்டுவிட்டு, உபுண்டு லினக்ஸ் 24.04-இன் கிளவுட் இமேஜை (ஏற்கெனவே நிறுவித் தயாராக வரும் டிஸ்க் நகல்) இறக்கினேன். அதை 9000 என்ற எண்ணுள்ள விஎம்மின் டிஸ்க்காக ஏற்றி, கிளவுட்-இனிட் டிரைவ் ஒன்றையும் சேர்த்தேன். ஒருமுறை பூட் செய்து விஎம்முக்குள் இருந்து ப்ராக்ஸ்மாக்ஸோடு பேசும் கெஸ்ட் ஏஜென்ட்டை நிறுவி, அணைத்து, டெம்ப்ளேட்டாக மாற்றினேன். அதிலிருந்து குளோன் (நகல்) எடுக்கச் சில நொடிகள்தான். பெயர், பயனர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) சாவி எல்லாவற்றையும் முதல் பூட்டிலேயே கிளவுட்-இனிட் பார்த்துக்கொண்டது. இவ்வளவு எளிதா என்று நினைத்தேன். அங்கேதான் இடித்தது.

மூன்று குளோன் எடுத்தேன். மூன்றுக்கும் ஒரே ஐபி முகவரி. ஒன்றில் எஸ்எஸ்எச் செய்து உள்ளே போனால், சில நிமிடத்தில் தொடர்பு அறுந்து, ஹோஸ்ட் சாவி (அந்தக் கணினியின் அடையாளச் சாவி) மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வரும். நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் முகவரி ஒன்றாக இருக்குமோ என்று பார்த்தேன். மூன்றும் வேறு வேறு. ரவுட்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன். அதன் மேல் ஒரு தவறும் இல்லை. இதிலேயே இரண்டு மாலை போயின.

காரணம் ஈடிசி அடைவுக்குள் இருக்கும் மெஷின்-ஐடி என்ற ஒரு வரிக் கோப்பு. உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிப்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. அது, ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் முகவரி கேட்கும்போது மேக் முகவரியைத் தன் அடையாளமாகச் சொல்வதில்லை. மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய ஓர் எண்ணைச் சொல்கிறது. கிளவுட் இமேஜ் வரும்போது அந்தக் கோப்பு காலியாகத்தான் இருக்கும். முதல் பூட்டில் நிரம்பும். நான்தான் கெஸ்ட் ஏஜென்ட்டுக்காக ஒருமுறை பூட் செய்து அதை நிரப்பிவிட்டு, அப்படியே அச்செடுத்தேன். டிஎச்சிபி சர்வரின் கண்ணுக்கு மூன்று குளோனும் ஒரே ஆள். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளைக் கிளவுட்-இனிட் ஒவ்வொரு குளோனிலும் புதிதாக்கிவிட்டது. மெஷின்-ஐடியில் அது கை வைக்கவில்லை. சாவி மாறிவிட்டது என்ற எச்சரிக்கை அதனால்தான்.

தீர்வு ஒரு வரி: டெம்ப்ளேட்டாக மாற்றும் முன் அந்தக் கோப்பைக் காலி செய்ய வேண்டும். அழித்துவிடக் கூடாது, காலி கோப்பாக இருக்க வேண்டும். கெஸ்ட் ஏஜென்ட் நிறுவும் வேலையை, விஎம் எழுந்தபின் அதற்குள் மென்பொருளை நிறுவி அமைக்கும் கருவியான அன்சிபிளிடம் தள்ளினேன். இமேஜைப் பூட்டே செய்யாமல் 9001 என்ற புது டெம்ப்ளேட் எடுத்தேன். கூடவே, டிஎச்சிபியை நம்பாமல் நிலையான ஐபியையும் கிளவுட்-இனிட் வழியாகவே கொடுத்தேன்.

அடுத்தது விஎம்களை எழுத்தில் வைப்பது: எந்த விஎம் எப்படி இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதிவைத்தால் ஒரு கருவியே அதை உருவாக்கும். 2023 ஆகஸ்டில் அப்படியொரு கருவியான டெர்ராஃபார்மின் உரிமம் மாறியபோது அதிலிருந்து பிரிந்து வந்த ஓப்பன்டோஃபுவை எடுத்துக்கொண்டேன். எழுதும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்து விஎம்மை அதில் எழுதியாயிற்று. இப்போது டெம்ப்ளேட் எண்ணை மட்டும் 9000-இலிருந்து 9001 ஆக மாற்ற வேண்டும். மாற்றினேன், என்ன செய்யப்போகிறது என்ற பிளான் பட்டியல் ஓடியது, 'யெஸ்' என்று தட்டினேன். படிக்கவில்லை. ஐந்து விஎம்மையும் அழித்து மறுபடி உருவாக்குவேன் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. எந்த டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் ஆனது என்பதே அந்த விஎம்மின் அடையாளம். அது மாறினால் வேறு விஎம். நியாயம்தான். நான்கு காலி விஎம் போனதில் கவலை இல்லை. ஐந்தாவதில் என் குறிப்புகள் இருந்தன.

முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். அதை அவசரத்தில் வேறு எண்ணில் ரீஸ்டோர் செய்தேன். பழைய மேக், பழைய ஐபியோடு அது எழ, புதிதாகப் பிறந்த காலி விஎம்மும் அதே ஐபியில் உட்கார்ந்திருக்க, மறுபடி முதல் வாரத்துக் கூத்து. இப்போதெல்லாம் ரீஸ்டோர் செய்து பார்க்கும்போது முதலில் நெட்வொர்க் கார்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பூட் செய்கிறேன்.

இதற்குப் பின் மூன்று மாற்றம் செய்தேன். குளோன் மூலம் மாறினால் கண்டுகொள்ளாதே என்று ஓப்பன்டோஃபுவிடம் சொல்லிவைத்தேன். முக்கியமான விஎம்களுக்கு அழிப்புத் தடை போட்டேன். மூன்றாவதுதான் பெரிய வேலை: தரவை விஎம்மை விட்டு வெளியே எடுப்பது. தனி டிஸ்க் சேர்த்தால் போதும் என்று நினைத்தேன். ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்மை அழித்தால் அதற்குச் சொந்தமான எல்லா டிஸ்க்கும் கூடவே போய்விடும். ஆகவே கோப்புகளை வேறொரு பெட்டியில் இருக்கும், நெட்வொர்க் வழியே எட்டும் என்எஃப்எஸ் பகிர்வுக்கு மாற்றினேன். டேட்டாபேஸ்களை மட்டும் அங்கே வைக்கவில்லை. என்எஃப்எஸ் மேல் எஸ்க்யூலைட் டேட்டாபேஸின் பூட்டு (ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுப்பது) ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. தினம் ஒரு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து அங்கே போடுகிறேன். விஎம் புதிதாக எழும்போது கடைசி டம்ப்பை எடுத்து ஏற்றுவது அன்சிபிள் பிளேபுக்கின் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) பொறுப்பு.

அன்சிபிள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே பிளேபுக்கை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டுவேன். இரண்டாவது முறை 'சேஞ்ச்டு' (மாற்றியவற்றின் எண்ணிக்கை) பூஜ்யமாக வராவிட்டால் எங்கேயோ ஷெல் கட்டளையை அப்படியே திணித்திருக்கிறேன் என்று அர்த்தம். முதலில் பதினொன்று வந்தது.

நடுவில் இரண்டாவது கணினி ஒன்றைச் சேர்த்து கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் குழு) ஆக்கியும் பார்த்தேன். ஒன்றை அணைத்ததும் மற்றது பெரும்பான்மை இல்லை என்று முரண்டு பிடித்தது: ஓடும் விஎம்கள் ஓடின, புதிதாக ஒன்றையும் தொடங்க முடியவில்லை, கான்ஃபிக் எல்லாம் படிக்க மட்டும். கணினிக்கு ஒரு ஓட்டு; இரண்டு ஓட்டில் ஒன்று பாதிதானே தவிர பெரும்பான்மை ஆகாது. மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சின்ன போர்டில் கியூடிவைஸ் வைக்கலாம். எனக்கு அந்த ஆசை அடங்கிவிட்டது. கிளஸ்டரைக் கலைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உண்மையான சோதனை. பெயர்களுக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் விஎம்மை வேண்டுமென்றே அழித்தேன். கட்டளையைக் கொடுத்தேன். ஓப்பன்டோஃபு முதல் வரியிலேயே நின்றது, ப்ராக்ஸ்மாக்ஸின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியவரைத்தான் இப்போது அழித்திருக்கிறேன்! அதை ஐபியாக மாற்றினேன். விஎம் பிறந்தது. அடுத்து அன்சிபிள் பேக்கேஜ் இறக்கப் போய் நின்றது. அந்த விஎம்முக்கு நான் கொடுத்திருந்த டிஎன்எஸ் முகவரி அதனுடையதேதான். அதற்கு மட்டும் ரவுட்டரைக் காட்டிவிட்டேன். மறுபடி அழித்து, மறுபடி கொடுத்தபோது 4 நிமிடம் 40 நொடியில் பெயர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தது. சந்தோஷத்தில் இன்னொரு முறையும் அழித்துப் பார்த்தேன்.

ஒன்பதில் ஏழு தேறிவிட்டன. எட்டாவதில் யூஎஸ்பி குச்சி ஒன்று விஎம்முக்குள் நேராகச் செருகப்பட்டிருக்கிறது. அதை எழுத்தில் கொண்டுவருவதில் இன்னும் கொஞ்சம் இழுபறி. ஒன்பதாவது புகைப்பட விஎம், 180 ஜிபி. டம்ப் இருக்கிறது, பேக்கப் இருக்கிறது, பிளேபுக்கும் எழுதியாயிற்று. அதன் அழிப்புத் தடையை எடுக்க மட்டும் இன்னும் கை வரவில்லை. முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு வருகிறேன்.