1,024 கட்டங்களுக்குள் சூசன் கேர்

1982ஆம் ஆண்டில் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தம்முடைய பள்ளிக்கூடத் தோழியான சூசன் கேரைத் தொலைபேசியில் அழைத்தபோது, அவர் ஆர்கன்சாஸ் மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்றுக்காக நிஜ அளவிலான காட்டுப்பன்றிச் சிற்பத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கலைத்துறையில் முனைவர் பட்டம் பெற்றிருந்த அவருக்குக் கணினியில் வரைந்த அனுபவம் துளியும் இல்லை. ஆப்பிள் நிறுவனத்தில் மெக்கின்டாஷ் கணினிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த ஹெர்ட்ஸ்ஃபெல்டுக்கோ, திரையில் காட்டுவதற்குச் சில சிறு படங்களும் எழுத்துருக்களும் தேவைப்பட்டன. கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று நிரப்பிக் காட்டினால் போதும் என்று அவர் வழி சொன்னார். எழுத்துருக்கள் பற்றி நூலகப் புத்தகங்களில் படித்துத் தயார் செய்துகொண்டு நேர்முகத்துக்குப் போன கேர், 1983இன் தொடக்கத்தில் அந்தக் குழுவில் சேர்ந்தார்.

ஐகான் எனப்படும் அத்தகைய சிறு படம் ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்த இடம் நெடுக்கில் 32, குறுக்கில் 32, ஆக 1,024 புள்ளிகள். சாம்பல் நிறம்கூடக் கிடையாது. திரை முழுவதுமே 512க்கு 342 புள்ளிகள்தான். இவ்வளவு நெருக்கடியான இடத்தில் ஒரு கைக்கடிகாரத்தையோ, பெயின்ட் வாளியையோ, சுருக்குக் கயிற்றையோ பார்த்தவுடன் புரியும்படி வரைய வேண்டுமானால், எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்றே அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும். ஐகான் என்பது ஓவியத்தைப் போல அல்லாமல் சாலைக் குறியீட்டைப் போல இருக்க வேண்டும் என்று கேர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

திரையில் முதன்முதலாக ஐகான்களை வைத்தவர் இவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினி 1981லேயே ஐகான்களோடு விற்பனைக்கு வந்தது. அவற்றை வரைந்தவர் நார்மன் காக்ஸ். ஆப்பிளின் லிசா கணினியும் மெக்கின்டாஷுக்கு முந்தியது. ஆனால் ஸ்டாரின் ஐகான்களில் தெரிவது ஓர் அலுவலகம். கேரின் ஐகான்களில் தெரிவது ஒரு சுபாவம். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து, ஓர் எழுத்து பிசகினாலும் பிழைச் செய்தியை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், மின்சுவிட்சைப் போட்டதும் கேர் வரைந்த சிரித்த முகத்தோடு விழித்துக்கொள்ளும் கணினி என்பது, இயந்திரத்தைக் கண்டு மிரண்டவர்களுக்கு யாரோ தைரியம் சொன்னதற்குச் சமம். அதை அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1984 ஜனவரியில் வெளிவந்த அந்தக் கணினியைப் பலர் பயமின்றித் தொட்டதற்கு அந்த முகமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அவர் தேர்ந்தெடுத்தவற்றில் நீண்ட ஆயுள் வாய்த்தது, வேறொரு விசையோடு சேர்த்து அழுத்திக் கணினிக்குக் கட்டளை தரும் கமாண்ட் விசையின் குறியீடு. முதலில் அந்த இடத்தில் ஆப்பிள் முத்திரையே இருந்தது. மெனுவைத் திறந்தால் வரிக்கு வரி ஆப்பிளாகத் தெரிவதைக் கண்ட ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், முத்திரையை இப்படி இறைக்கக் கூடாது என்று கோபித்துக்கொண்டார். உடனே வேறொரு சின்னம் வேண்டும். கேர் குறியீடுகளின் தொகுப்பு நூல் ஒன்றைப் புரட்டி, ஸ்வீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டப் பயன்படும் குறியீட்டை எடுத்தார். நடுவில் ஒரு சதுரம், நான்கு மூலையிலும் கோடு வெளியே சுழித்து மீண்டும் உள்ளே திரும்பும். நம் வாசலில் போடும் சிக்குக் கோலத்தின் மிகச் சிறிய வடிவம் என்றே சொல்லலாம். கட்டளை என்ற பொருளுக்கும் அந்த வடிவத்துக்கும் எந்த உறவும் இல்லை. இருந்தும் இன்றைக்கு விற்கும் மேக் விசைப்பலகைகளிலும் அதுவே இருக்கிறது.

எழுத்துருக்களில் என்னைக் கவர்ந்தது சிகாகோ. மெனுக்களுக்காகவே தடித்த கோடுகளோடு அமைத்த எழுத்துரு அது. பயன்படுத்த முடியாத கட்டளையை மங்கலாகக் காட்டுவதற்கு ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை அழித்தாலும் படிக்க முடிந்தது. இந்த எழுத்துருக்களுக்கு முதலில் பிலடெல்ஃபியா புறநகர் ரயில் நிலையங்களின் பெயர்களைத்தான் சூட்டியிருந்தார்கள். ஊர்ப் பெயர்தான் வேண்டுமென்றால் உலகப் பெருநகரங்களின் பெயரை வையுங்கள் என்று ஜாப்ஸ் சொன்ன பிறகே சிகாகோ, ஜெனீவா, மொனாக்கோ ஆகியவை வந்தன. 2001இல் ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாட் வந்தபோது, அதன் சின்னஞ்சிறு திரையிலும் சிகாகோதான் இருந்தது.

ஒன்றே ஒன்றில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. கணினி செயலிழந்து நிற்கும்போது தோன்றும், திரி எரியும் வெடிகுண்டு. பயனர்கள் அதைப் பார்க்க நேராது என்று நிரலாளர்கள் சொன்னதை நம்பி வரைந்தாராம். ஆனால் அது அடிக்கடி தலைகாட்டியது. சேமிக்காத வேலையை அப்போதுதான் தொலைத்தவருக்கு அந்தக் கேலி சிரிப்பை வரவழைத்திருக்காது.

1985இல் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறி நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கியபோது கேரும் அங்கே போனார். பின்னர் தனியாகத் தொழில் நடத்தினார். 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0க்காக, 16 வண்ணங்களில் பல ஐகான்களை வரைந்தார். நிழலும் மேடு பள்ளமும் சேர்த்த அவை இன்று பழைய காலத்துப் பொருளாகத் தெரிகின்றன. அதற்கு முன்பு கறுப்பு வெள்ளையில் வரைந்தவை அப்படித் தெரியவில்லை. 2015இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய கட்டம் போட்ட நோட்டின் பக்கங்களைக் காட்சிக்கு வைத்தபோது தேர்ந்தெடுத்ததும் அந்த ஆப்பிள் காலத்து வரைவுகளைத்தான். விண்டோஸ் வேலைகளில் விதிவிலக்கு, ஒருவர் தனியாக ஆடும் சாலிடேர் என்ற சீட்டாட்டத்துக்கு அவர் வரைந்த சீட்டுகள். மவுஸால் ஒரு பொருளைப் பிடித்து இழுத்துப் போடப் பழக்குவதற்காகவே அந்த ஆட்டத்தைச் சேர்த்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தொண்ணூறுகளில் நம் ஊர் அலுவலகங்களிலும் கணினிப் பயிற்சி நிலையங்களிலும் எத்தனையோ பேர் மவுஸ் பிடிக்கக் கற்றதும் அந்தச் சீட்டுகளை வைத்துத்தான். அவற்றை வடிவமைத்தவர் யார் என்று அன்று யாரும் கேட்டதாக நினைவில்லை.