கலைத்து வைத்த பலகை

போன மாதம் அக்கா மகளை ஒரு செஸ் டோர்னமென்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஹாலுக்குள் பெற்றோரை விடமாட்டார்கள் என்பதால் எல்லோரும் கீழே சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ரவுண்டையும் ஜெயித்துவிட்டு அவள் இறங்கி வந்தபோது பக்கத்தில் இருந்த ஒருவர், "மூளைக்காரப் பொண்ணு, கணக்குல நூத்துக்கு நூறு வாங்குவியே?" என்றார். அவள் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. கணக்கில் அவளுக்கு அறுபதைத் தாண்டுவதே பெரும்பாடு. சிரித்துக்கொண்டே வந்த பத்து வயதுக் குழந்தை ஏதோ தப்பு செய்துவிட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டது இன்னமும் மனதை உறுத்துகிறது.

செஸ் நன்றாக ஆடுகிறவர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று நாம் எப்படியோ முடிவு செய்து வைத்திருக்கிறோம். நான் அதை நம்பவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 1973-இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள் (அதற்கு வழி காட்டியவர் நெதர்லாந்தின் அட்ரியான் டி க்ரூட்). நிஜ ஆட்டம் ஒன்றின் நடுவிலிருந்து ஒரு நிலையை எடுத்து, ஐந்து நொடி மட்டும் காட்டிவிட்டு, நினைவிலிருந்து அப்படியே அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் தரத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் பதினாறு காய்கள் வரை சரியாக வைத்தார், புதிதாக ஆடுபவர் நாலு. அப்புறம் அதே காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டினார்கள். மாஸ்டரின் மேலான நினைவாற்றல் அங்கே காணாமல் போய்விட்டது. (பின்னால் வந்த ஆய்வுகளில் கலைத்த பலகையிலும் தேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இருப்பது தெரிந்தது, ஆனால் அது ரொம்பச் சின்னது.)

இதை அவளிடமே செய்து பார்த்தேன். பழைய ஆட்டம் ஒன்றிலிருந்து 22 காய்களை வைத்து, ஐந்து நொடி காட்டி, துண்டால் மூடினேன். பதினான்கைச் சரியாக வைத்தாள். நான் முயன்றபோது நாலுதான் வந்தது. எண்ணிக்கையைவிட அவள் கை போன விதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ராஜா, பக்கத்தில் யானை, முன்னால் மூன்று சிப்பாய் என்று கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்த மூலை முழுவதையும் ஒரே வீச்சில் வைத்துவிட்டு, கொஞ்சம் நிறுத்தி யோசித்து, அடுத்த கொத்துக்குப் போனாள். கோலம் போட்டுப் பழகியவர்கள் புள்ளி புள்ளியாகவா ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அதே மாதிரிதான். அடுத்து கலைத்து வைத்துக் காட்டினேன். அவளுக்கு ஐந்து, எனக்கு நாலு. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "மாமா, இது ஆட்டமே இல்ல. சிப்பாய் எப்படி முதல் வரிசையில நிக்கும்?" எனக்கு அந்தச் சிப்பாய் கண்ணை உறுத்தவே இல்லை.

திறமை என்பது ஆடி ஆடிக் கண்ணுக்குப் பழகிய அமைப்புகள்தான் என்றால், பயிற்சி மட்டும் போதுமா? போதாது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், சிலர் சுமார் 3,000 மணி நேரப் பயிற்சியில் மாஸ்டர் தரத்தை எட்டியிருந்தார்கள், சிலருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிள்ளைகளை வளர்த்தே மேதைகளாக்கலாம் என்று நம்பி ஹங்கேரியின் லாஸ்லோ போல்கர் தன் மூன்று மகள்களையும் வீட்டிலேயே படிக்க வைத்து செஸ்ஸில் பழக்கினார். ஜூடித் 15 வயதில் செஸ்ஸின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆகி, பிறகு உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை போனார், சூசனும் கிராண்ட்மாஸ்டர், ஆனால் சோபியா அதற்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் மாஸ்டரோடு நின்றுவிட்டார். ஒரே அப்பா, ஒரே வீடு. பயிற்சிக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பரீட்சை மார்க்கில் தெரிகிற புத்திதான் என்று சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் பார்த்தபோது அறிவுத்திறனுக்கும் செஸ்ஸுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. சிறுவர்களிடமும் ஆரம்பநிலையில் ஆடுபவர்களிடமும்தான் அது கூடுதலாகத் தெரிந்தது.

2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது எங்கே பார்த்தாலும் "பிறவி மேதை" என்றே பேச்சு. காது மூக்கு தொண்டை மருத்துவரான அவருடைய அப்பா தன் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனதும், சின்ன வயதிலிருந்து அந்தப் பையன் பலகை முன்னால் செலவிட்ட நேரமும் அந்த ஒரு வார்த்தைக்குள் மறைந்துபோகின்றன. பாராட்டுவதாக நினைத்து அவர் உழைப்பை எடுத்துவிடுகிறோம். அது அநியாயம்.

அந்த டோர்னமென்டில் ஐந்தாவது ரவுண்டில் அவள் தோற்றுவிட்டாள். பஸ்ஸில் வரும்போது ஸ்கோர் ஷீட்டை மடியில் விரித்து 27-ஆம் நகர்வைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு பலகையை எடுத்துக் காய்களை அடுக்கினாள். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"ரெண்டே நிமிஷம்மா, குதிரையை எங்க விட்டேன்னு பாத்துட்டு வரேன்."

நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தாள்.