அமெரிக்கா 1890 கணக்கெடுப்பை ஏன் தேர்ந்தெடுத்தது?

எம்.ஏ. வரலாற்றில் எனக்கு விழுந்த ஒரே அரியர் அமெரிக்க வரலாறு. குடியேற்றமும் நகர வளர்ச்சியும் பற்றிய கேள்விக்கு வறுமை, வேலைவாய்ப்பு, ரயில் பாதை என்று நான்கு பக்கம் நிரப்பினேன். நாட்டின் பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும் பதில் அது.

அடுத்த முறை, அமெரிக்காவில் குடியேறக் கப்பலில் வந்த ஒரு ஆளின் பின்னாலேயே போய்ப் படித்தேன். இதே தாளை எழுதப்போகிறவர்களுக்காக அதைச் சொல்கிறேன். குடியேற வருபவர்களைச் சோதிக்க நியூயார்க் துறைமுகத்தில் 1892-இல் திறந்த எல்லிஸ் தீவு நிலையத்தில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதே யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து. இதயம் என்றால் 'ஹெச்', கண் என்றால் 'இ'. வசதியான வகுப்பில் வந்தவர்களுக்குக் கப்பலிலேயே சோதனை முடிந்துவிடும். (அதிகாரிகள் அங்கே பெயரை மாற்றி எழுதினார்கள் என்ற கதையை எழுதிவிடாதீர்கள். அவர்கள் கையில் இருந்தது கப்பல் கம்பெனி தந்த பட்டியல்.)

அப்புறம் அவர் நியூயார்க்கில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் குடியேறுகிறார். வாடகைக் குடியிருப்புகளில் எல்லா அறைக்கும் காற்று வரும் ஜன்னல் வேண்டும் என்றது 1879 சட்டம். கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள்: இரு கட்டடங்களுக்கு நடுவில் ஒடுக்கமான சந்து விட்டு, அதைப் பார்த்து ஜன்னல் வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் டம்பெல் வடிவம். காற்றுக்கு விட்ட சந்தில் குப்பை விழுந்தது. தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கி. 1901-இல்தான் இந்த வடிவத்துக்குத் தடை வந்தது. இதைப் பென்சிலால் வரைந்து வையுங்கள், இரண்டு நிமிடம் போதும்.

நகர வளர்ச்சிக்குச் சிகாகோவின் இரண்டே எண்கள்: 1870-இல் சுமார் 3 லட்சம் பேர், 1900-இல் சுமார் 17 லட்சம். எல்லாரும் கப்பலில் வந்தவர்கள் இல்லை, உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு என்று ஒரு வரி சேருங்கள்.

சட்டங்களில்தான் நான் முதலில் கோட்டை விட்டேன். 1882-இல் சீனத் தொழிலாளர்களுக்குத் தடை, சரி. 1921 சட்டம் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வருடத்துக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று ஒதுக்கீடு வைத்தது: 1910 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இருந்த அந்நாட்டில் பிறந்தவர்களில் 3 சதவீதம். 1924 சட்டம் அதை 2 ஆக்கியது. கணக்கெடுப்பையும் 1890-க்குத் தள்ளியது. புதிய கணக்கு கையில் இருக்க, 34 வருடம் பின்னால் போவானேன்? இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் ரஷ்ய யூதர்களும் பெருமளவில் வந்தது 1890-க்குப் பிறகு. அந்தக் கணக்கில் அவர்கள் கொஞ்சம் பேர்தான், ஒதுக்கீடும் அவ்வளவுதான். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமலே அவர்களுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியது. இரண்டாம் முறை இதற்கு மட்டும் முக்கால் பக்கம் கொடுத்தேன்.